அடைப்பு எடுத்த தூண்டில்

கீழே போக வேண்டிய தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது.

குளியலறையின் மூலையில் தண்ணீர் போவதற்கு ஒரு ஓட்டை உண்டு. அதற்குள் யாரோ உட்கார்ந்து ஊதுவது போல 'புளுக், புளுக்' என்று முதலில் நுரை வந்தது. பின்னாலேயே சாம்பல் நிறத்தில் தண்ணீர். நான்கைந்து சோற்றுப் பருக்கை, சீயக்காய்த் தூள், நான் முந்தின நாள் தலையிலிருந்து எடுத்துப் போட்ட கனகாம்பரத்தின் நார். எல்லாம் என் கணுக்காலைச் சுற்றி மிதந்தன. தலையில் சோப்போடு நின்றவள், மிச்சத் தண்ணீரை ஊற்றிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் சொம்பைப் பிடித்தபடி இருந்தேன்.

"அக்கா! ரூமுக்குள்ள தண்ணி வருதுக்கா!"

பின்பக்கத்திலிருந்து ஜுலைகா கத்தினாள். அவளுக்கு அப்போது இரண்டு மாதக் கைக்குழந்தை. சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். சாக்கடைத் தண்ணீர் அவள் வாசற்படியைத் தாண்டி, குழந்தை தூங்கிய தூளிக்கு நேர் கீழே குளம் கட்டி நின்றது. அவள் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் தூளிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

கல்யாணமாகி மரக்காணத்தில் குடித்தனம் வைத்த கதையைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அந்த வீட்டில் நான் செய்த ஒரே பெரிய காரியம் என்னவென்று என் பிள்ளைகளைக் கேட்டால், இந்தச் சாக்கடையைத்தான் சொல்வார்கள். எனக்கும் அதில் வருத்தம் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத சாக்கடை

முன்பக்கம் நானும் என் கணவர் பலராமனும். பின்பக்கம் ஜுலைகா. அவள் கோட்டக்குப்பத்துப் பெண். கணவர் துபாயில் குழாய் வேலை பார்த்தார். தாய் வீட்டில் ஒரே அறையில் ஒன்பது பேர் என்பதால், தனியாக இருந்தாலும் பரவாயில்லை என்று இங்கே குடிவந்திருந்தாள். இரண்டு குடித்தனத்துக்கும் நடுவில் ஒரு முற்றம், ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல், ஒரு குளியலறை.

வீட்டுக்காரர் அடுத்த தெருவில் இருந்தார். சொந்தமாக உப்பளம் வைத்திருந்தவர். வீட்டைக் காட்ட வந்த அன்று அவர் பெருமையாகச் சொன்னது கிணற்றைப் பற்றி அல்ல. "இந்தத் தெருவுல சாக்கடை கண்ணுக்கே தெரியாத வீடு இது ஒண்ணுதான்மா" என்றார்.

உண்மைதான். சமையலறைத் தண்ணீரும் குளியல் தண்ணீரும் முற்றத்தில் பலகைக்கல் மூடிய ஒரு சின்னத் தொட்டியில் வந்து சேரும். அங்கிருந்து ஆறங்குல மண்குழாய் ஒன்று, பூமிக்கடியில் நேராகப் பதினெட்டு அடி ஓடி, மதில் ஓரத்தில் உறை இறக்கிய ஆழமான குழியில் விழும். குழிக்கும் கல் மூடி. குழாய்க்கும் குழிக்கும் மேலே ஒரு பூவரச மரம் நிழல் விரித்து நிற்கும்.

நான் பிறந்த பெருமுக்கல் வீட்டில் குழாயே கிடையாது. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாய்க்கால் போல வெட்டிய தடத்தில் ஓடி வாழைக்குப் போகும். எங்காவது தேங்கினால் கால் கட்டைவிரலால் தள்ளிவிடுவோம், அவ்வளவுதான். அடைப்பு எடுக்க எங்கள் வீட்டில் இருந்த ஒரே கருவி அம்மாவின் கால் கட்டைவிரல். அதனால் மரக்காணம் வந்த புதிதில், 'எங்க வீட்டில் கழுநீர் எங்கே போகிறது என்றே தெரியாது' என்று அம்மாவுக்குப் பெருமையாகக் கடிதம் எழுதினேன். எங்கே போகிறது என்று தெரியாமல் இருப்பது பெருமை இல்லை என்று அன்று காலை தெரிந்தது.

பலத்தால் ஆகாத காரியம்

என் கணவருக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை. மழை வருவதற்குள் குவித்த உப்பை எல்லாம் பனையோலை போட்டு மூடியாக வேண்டிய சமயம் அது. பொழுது விடிந்து போனால், முழங்கால் வரை வெள்ளை பூத்துத்தான் திரும்புவார். கைகள் இரும்பு. எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளு.

நான் முதலில் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, கற்றையாகக் கட்டி ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தேன். கொஞ்சம் முடி வந்தது. தண்ணீர் அசையவில்லை. பிறகு சலவை சோடாவைக் கொட்டி, ஒரு அண்டா வெந்நீர் ஊற்றினேன். எண்ணெய்ப் பிசுக்குக்கு அது நல்ல மருந்து. பிசுக்கு இளகி வாசம் தெரு வரை போனது. தண்ணீர் மட்டும் அப்படியே நின்றது.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று என் கணவர் பன்னிரண்டடி இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தார். முற்றத்துத் தொட்டியின் கல்லைத் தூக்கிவிட்டு, குழாய் வாயில் கம்பியை விட்டார். பத்தடி உள்ளே போன இடத்தில் எதிலோ முட்டியது. குத்தினார். கம்பி திரும்பி வந்தது. மறுபடி குத்தினார். மறுபடியும் திரும்பியது.

"கல்லுங்களா?" என்றேன்.

"கல்லா இருந்தா டங்குன்னு கேக்கும்ல? இது மெத்தையில குத்தற மாதிரி இருக்குது."

மெத்தை என்ற அந்தச் சொல்லை அப்போது நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. கால் மணி நேரம் குத்தினார். அதுவரை சொட்டுச் சொட்டாகவாவது வடிந்துகொண்டிருந்த தண்ணீர் சுத்தமாக நின்றுபோனது. அடைப்பை அவர் இன்னும் இறுக்கிவிட்டார். கம்பியைக் கிணற்றடியில் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் உப்பளத்துக்குப் போனார்.

துபாய் கிண்ணம்

அப்போதுதான் ஜுலைகா தயங்கித் தயங்கி ஒரு பொருளை எடுத்துவந்தாள். முழ நீள மரப்பிடி. அதன் அடியில் சிவப்பு ரப்பரில் கவிழ்த்த கிண்ணம்.

"அவங்க போன தடவ வந்தப்ப எடுத்தாந்தது அக்கா. சென்ட்டு, சோப்பு, டார்ச்சு லைட்டு எல்லாம் இருந்த பொட்டியில இதுவும் இருந்துச்சு. நான் எதுக்குன்னு கேக்கவே இல்ல. வெக்கமா இருந்துச்சு."

"எதுக்குன்னு நினைச்ச?"

"மாவு பிசையறதுக்கோ இன்னாவோன்னு அலமாரி மேல வெச்சுட்டேன்."

அவ்வளவு கவலையிலும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அதைக் குளியலறை ஓட்டையின் மேல் கவிழ்த்து, அழுத்தி அழுத்தி எடுத்துப் பார்த்தோம். நாலாவது இழுப்பில் என் முகத்தில் ஒரு குடம் சாக்கடை அடித்தது. ஏழாவது இழுப்பில் ஒரு கைப்பிடி முடி மேலே வந்தது. ஓட்டையிலிருந்து தொட்டி வரைக்கும் வழி திறந்துகொண்டது! ஜெயித்துவிட்டோம் என்று கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம்.

ஒரு மணி நேரத்தில் தொட்டி நிரம்பி, தண்ணீர் மறுபடியும் மேலே வந்தது.

கிண்ணத்தின் மேல் குற்றமில்லை. பக்கத்தில் இருக்கும் முடிக்கு அது ராஜா. பத்தடி தள்ளிப் பூமிக்குள் உட்கார்ந்திருக்கும் எதையும் அதன் காற்று அசைக்காது. பின்னாளில் எத்தனையோ வீடுகளில் வாடகைக்கு இருந்துவிட்டேன். எங்கே போனாலும் அப்படி ஒரு கிண்ணம் வாங்கிவிடுவேன்.

அணைந்த விளக்கு

மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார்.

"ரெண்டு வூட்டுப் பொம்பளைங்களும் சோத்தையும் முடியையும் கொட்டினா, குழாய் இன்னா பண்ணும்?" என்றவர், ஜுலைகா பக்கம் திரும்பினார். "புள்ளத் துணி எதனா உட்டியாம்மா உள்ள?"

"இல்லீங்க, சத்தியமா இல்லீங்க."

"யாரு செஞ்சதா இருந்தாலும் சரி, இது சரியாகலன்னா ரெண்டு வூட்டையும் காலி பண்ணி, தரையை ஒடைச்சித்தான் பாக்கணும். நான் வேற இன்னா செய்ய?"

ஜுலைகா குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள். மறுபடி அந்த ஒன்பது பேர் அறைக்கு அவள் எப்படிப் போவாள்?

வீட்டுக்காரர் கையோடு ஒருவரை அழைத்துவந்திருந்தார். கோவிந்தன். ஊரில் சாக்கடை, குழி என்று எது அடைத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் கணவர் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, சுத்தமாக வழித்த முகம்.

"குழி வாயிலதான்டா அடைச்சிக்கிட்டு இருக்கும். எறங்கி, அந்தப் பக்கத்துலருந்து கையை உட்டுப் புடுங்கிடு" என்றார் வீட்டுக்காரர்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதர் அந்தக் குழிக்குள் இறங்கப் போகிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. வெளியே வந்ததும் அவர் குளிக்கட்டும் என்று இரண்டு வாளி தண்ணீரும் ஒரு சோப்பும் எடுத்து வைத்திருந்தேன். அதையே பெரிய தயவாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோவிந்தன் குழியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளினார். இறங்கவில்லை. "அம்மா, ஒரு அரிக்கேன் வெளக்கு ஏத்திக் குடுங்க. நீளமா கயிறு ஒண்ணு" என்றார். பட்டப் பகல். எதற்கு என்று புரியாமல் கொடுத்தேன். விளக்கைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கினார். சுடர் மஞ்சளாக ஆடிக்கொண்டே போனது. பாதி ஆழத்தில் சிறுத்து நீலமானது. இன்னும் ஒரு முழம் இறங்கியதும் பொசுக்கென்று அணைந்தது.

குழிக்குள் விளக்கை இறக்குவதும் ஆபத்துதான், தீப்பிடித்திருக்கலாம் என்று பிற்காலத்தில் ஒரு இன்ஜினியர் சொன்னார். எங்களுக்கு அன்று அதெல்லாம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். விளக்கு மூச்சுவிட முடியாத இடத்தில் மனிதன் எப்படி மூச்சு விடுவான்?

"நான் எறங்க மாட்டேங்க" என்றார் கோவிந்தன்.

"காத்துல அணைஞ்சிருக்கும்டா."

"குழிக்குள்ள ஏதுங்க காத்து?" கோவிந்தன் குரலை உயர்த்தவில்லை. "எங்கண்ணன் இப்பிடித்தான் எறங்கினாரு. பாண்டியில ஒரு வூட்ல. ஒரு கை சேறு அள்ளிக் குடுத்தாரு. ரெண்டாவது கைக்குக் குனிஞ்சாரு. நிமிரவே இல்ல. நான் மேல நின்னு வாளிக் கயித்தைப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்."

கோவிந்தன் அணைந்த விளக்கை மேலே இழுத்துக் குழி ஓரத்தில் வைத்தார்.

வீட்டுக்காரரின் முகம் ஒரு கணம் மாறியது போலிருந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "நீ இல்லன்னா ஆளே இல்லியா? சாயங்காலம் திண்டிவனம் போறேன். நாளைக்கு மொத பஸ்ல ஒருத்தனைக் கூட்டியாந்து எறக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோவிந்தன் குழியை மூடினார். நான் எடுத்து வைத்திருந்த சோப்பையும் தண்ணீரையும் பார்த்தேன். எனக்கு என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சோப்பில் ஒட்டியது

"நாளைக்கு வர்றவருக்கும் இதே குழிதானேங்க?" என்றேன்.

"ஆமாம்மா. அவனுக்கும் வூட்ல ஆளு இருக்கும்" என்றார் கோவிந்தன். போகக் கிளம்பியவர் நின்றார். "குழியில எறங்காம, இந்தத் தொட்டிப் பக்கத்துலருந்து எடுக்க முடிஞ்சா எடுக்கலாம். ஆனா உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியலயே. சேறுன்னா ஒரு விதமா எடுக்கணும், துணின்னா ஒரு விதமா எடுக்கணும்."

அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. இரண்டு நாளாகக் கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே விட்டுக்கொண்டிருந்தோமே தவிர, அடைத்திருப்பது என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. மெத்தையில் குத்துகிற மாதிரி இருக்கிறது என்று என் கணவர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. சேறு மெத்தை போலத் திருப்பித் தள்ளாது.

துணி துவைக்கும் பார் சோப்பு ஒன்றை வெந்நீரில் போட்டு, களி போல இளகியதும், கம்பியின் நுனியில் உருண்டையாக அப்பினேன். கோவிந்தன் அதை மெதுவாக உள்ளே விட்டார். முட்டியதும் குத்தவில்லை, அப்படியே அழுத்தி, இலேசாகத் திருகி, வெளியே எடுத்தார்.

சோப்பு உருண்டையில் செம்பட்டையாக இழை இழையாக ஒட்டியிருந்தது.

"முடியா?" என்றாள் ஜுலைகா. அவள் முடி கொஞ்சம் செம்பட்டை.

கோவிந்தன் ஒரு இழையை எடுத்து நகத்தால் கீறினார். உள்ளே வெள்ளையாக இருந்தது. பச்சை வாசம் வந்தது.

"முடி இல்லம்மா. வேரு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பூவரச மரத்தைப் பார்த்தோம். அது குழாயின் மேல், தொட்டியிலிருந்து சரியாகப் பத்தடி தூரத்தில், நல்ல வளப்பமாக நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர் தன் கையால் வைத்த மரம். குழாய் இணைப்பில் எங்கோ ஒரு கீறல் இருந்திருக்க வேண்டும். அந்த வழியாக வேர் உள்ளே நுழைந்து, இரண்டு வீட்டுக் கழுநீரையும் வருஷக்கணக்காகக் குடித்திருக்கிறது.

ஜுலைகா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "நான் துணி போடலக்கா, நான் போடல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தேசம்மாவின் யோசனை

வேர் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கு எது கருவி? சோடாவுக்குக் கரையாது. கம்பியால் குத்தினால் இன்னும் இறுகும். கத்தி பத்தடி நீளம் இல்லை.

வாசலில் நின்று இதைப் பேசிக்கொண்டிருந்தபோது தேசம்மா வந்தாள். கடலோரக் குப்பத்திலிருந்து தினமும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். கூடை காலியாகித் திரும்பிப் போகிறபோது என்னிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏம்மா, அதை ஏன் உள்ள தள்ளிக்கிட்டு கெடக்கறீங்க? வலை அறுந்து அடியில போய் மாட்டிக்கிச்சின்னா நாங்க தள்ளுவமா? முள்ளு போட்டு இழுப்போம்."

"முள்ளா?"

"தூண்டி முள்ளும்மா. சுறா புடிக்கிற முள்ளு. இம்மாம் பெருசு இருக்கும்." விரலை வளைத்துக் காட்டினாள். "உள்ள போறப்ப வழுக்கிக்கிட்டுப் போவும். வர்றப்ப கடிச்சிக்கிட்டு வரும். வர்றியா, எங்க வூட்ல தரேன்."

நான் குடையை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தேன். கருவாடு காயும் மணலில் கால் புதையப் புதையப் போனோம். அவள் புருஷன் கட்டுமரத்தின் ஓரம் வலை தைத்துக்கொண்டிருந்தார். சாக்கடைக்கு என்றதும் முதலில் சிரித்தார். குழியில் ஆளை இறக்கப் போகிறார்கள் என்று தேசம்மா சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்தபோது அவர் உள்ளங்கையில் மூன்று முள். ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். கூடவே கெட்டி நைலான் கயிறு.

"முதுகோட முதுகு ஒட்ட வெச்சிக் கட்டச் சொல்லும்மா. நுனி மூணும் மூணு பக்கம் பாக்கணும்" என்றார்.

என் கணவர் சாயங்காலம் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். முள்ளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் குத்திக் குத்தி இறுக்கிட்டேன், இல்ல?" என்றார்.

"நாளைக்கு இழுக்கறதுக்கு உங்க கைதாங்க வேணும்" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

மொத பஸ்

விடிந்தும் விடியாமலும் கோவிந்தன் தோளில் நீளமாக மூங்கில் பிளாச்சுகளோடு வந்துவிட்டார். பச்சை மூங்கிலை நீளவாக்கில் பிளந்து செதுக்கியவை. இரும்பைப் போல அடம் பிடிக்காமல், வளைகிற இடத்தில் வளையும். இரண்டை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிக் கட்டி இருபதடி ஆக்கினார். நுனியில் மூன்று முள்ளையும் தேசம்மா புருஷன் சொன்னபடி சேர்த்துக் கட்டினார். நான் முடிச்சின் மேல் மெழுகு உருக்கி விட்டேன்.

முதல் இழுப்பில் ஒரு பிடி வேர் வந்தது. இரண்டாவதில் அதுகூட இல்லை. முள் நழுவிக்கொண்டு வெறுமனே வந்தது.

"நேரா இழுத்தா இலையைப் புடுங்கற மாதிரி நுனிதான் வருது" என்றார் கோவிந்தன். "சுத்திப் பாக்கறேன்."

மூன்றாவது முறை உள்ளே விட்டு, மூங்கிலை ஒரே பக்கமாகத் திருகினார். சேமியாவை முள்கரண்டியில் சுற்றுவது போல. ஐந்து சுற்று, ஆறு சுற்று. பிறகு இழுத்தார். வரவில்லை. தள்ளினார். போகவும் இல்லை. மாட்டிக்கொண்டது.

எனக்கு வியர்த்துவிட்டது. அடைப்போடு கருவியும் உள்ளே மாட்டிக்கொண்டால் தரையை உடைப்பதைத் தவிர வழியே இல்லை. அந்த நேரம் பார்த்து பஸ் ஹாரன் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் மதில் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பின்னால் ஒருவர். முப்பது வயதுகூட இருக்காது. நீலச் சட்டை, பஸ் பயணத்துக்காகத் தலையை நன்றாகப் படிய வாரியிருந்தார். யாரையும் எதுவும் கேட்காமல் சட்டையைக் கழற்றி மடித்து, பூவரசங் கிளையில் வைத்தார். குழி மூடியைத் தள்ளினார். விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டார்.

"டேய்! எறங்காத! அங்கயே இரு!" கோவிந்தன் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "சார், புடிங்க!"

என் கணவர் மூங்கிலைப் பிடித்தார். கோவிந்தன் பிடித்தார். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிடித்தேன். ஜுலைகா குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இழு!"

ஒன்றும் அசையவில்லை.

"இன்னொரு வாட்டி! இழு!"

பூமிக்குள் துணி கிழிவது போல ஒரு சத்தம். மூங்கில் ஒரு அடி வந்தது. இன்னொரு அடி. பிறகு திடீரென்று பிடி விட்டது. நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவராகச் சேற்றில் மல்லாந்து விழுந்தோம்.

தொட்டியின் வாயிலிருந்து அது வெளியே வந்து கிடந்தது. குதிரை வால் போலச் செம்பட்டையாக, என் கெண்டைக்கால் பருமனில், ஆள் உயரத்துக்கு வேர். குழாய்க்குள்ளேயே வளர்ந்து குழாயின் வடிவத்துக்கே உருண்டு திரண்டிருந்தது. மூன்று முள்ளும் அதன் நடுவில் ஆழமாகப் புதைந்திருந்தன.

அதற்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டது. கடல் ஓரத்தில் வாழ்ந்தவள் நான். எத்தனையோ தண்ணீர்ச் சத்தம் கேட்டிருக்கிறேன். இரண்டு நாள் சாக்கடை ஒரே மூச்சில் அந்தக் குழாய்க்குள் இறங்கி, பதினெட்டு அடி ஓடி, குழியில் போய் விழுந்த அந்தச் சத்தத்துக்கு ஈடாக இன்னொன்றைக் கேட்டதில்லை.

"போவுது! போவுதுக்கா!" ஜுலைகா சேற்றில் உட்கார்ந்தபடியே கை தட்டினாள். என் கணவர் கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினார். ஊற்றிய வாளியெல்லாம் கடகடவென்று போனது. நாங்கள் மாறி மாறி ஊற்றினோம். போதும் போதும் என்று யாருக்குமே சொல்ல மனம் வரவில்லை.

நான் அந்த வேர்க்கற்றையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்காரரின் முன்னால் போட்டேன்.

"இது எங்க சோறும் இல்லீங்க, ஜுலைகா புள்ளையோட துணியும் இல்லீங்க. உங்க மரம்."

அவர் குனிந்து பார்த்தார். வேரைச் செருப்பு நுனியால் தொட்டார். "என் கையால வெச்சது" என்றார். பிறகு ஜுலைகாவைப் பார்க்காமல், ஆனால் அவளுக்குக் கேட்கும்படி, "தரையெல்லாம் நல்லா பினாயில் ஊத்திக் கழுவணும். நான் குடுத்தனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடமிருந்து அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த மூங்கிலும் முள்ளும் கோவிந்தனோடுதான் போயின. அதன்பிறகு தோளில் அது இல்லாமல் அவரைத் தெருவில் பார்த்தவர் கிடையாது. சேற்றுக்கு நுனியில் கரண்டி, துணிக்கு ஒற்றைக் கொக்கி, வேருக்கு மூன்று முள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். குழியில் இறங்கச் சொல்கிறவர்களிடம், "கம்பு போற எடத்துக்கு ஆளு எதுக்குங்க?" என்பார். எங்கள் ஊரில் அவர் இருந்தவரை, எனக்குத் தெரிந்து, ஒருவரும் குழியில் இறங்கவில்லை.

அன்று காலை எல்லாரும் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, திண்டிவனத்துக்காரர் குழி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். கால்கள் இன்னும் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தன. தனக்குக் கீழே குழாயிலிருந்து தண்ணீர் வந்து விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோவிந்தன் அவர் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார்.

"எழுந்து வாப்பா. வேலை முடிஞ்சிடுச்சி."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காலை இழுத்து வெளியே வைத்தார். ஒரு சொட்டுச் சேறு இல்லை. கிளையிலிருந்து நீலச் சட்டையை எடுத்து, உதறி, போட்டுக்கொண்டு, கழுத்துவரை பட்டன்களை ஒவ்வொன்றாக நிதானமாக மாட்டினார்.